சாவி கைக்கு வரும் முன்: லீசிங் ஆபீஸில் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அபார்ட்மெண்ட் தேடும் நம்மவர்கள் பலர் செய்யும் முதல் தவறு, வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகமான லீசிங் ஆபீஸின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை வீட்டுக்காரர் என்று நினைத்துப் பேசுவது. அவர் பெரும்பாலும் ஒரு நிர்வாக நிறுவனத்தின் ஊழியர். ‘அவர்தான் சொன்னாரே’ என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். டெக்சாஸில் நான் விண்ணப்பித்த நாளுக்கும் குடிபோன நாளுக்கும் இடையே ஆறு வாரம். அதற்குள் அந்த மேசையில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கறை படிந்த கார்ப்பெட்டை மாற்றித் தருவதாக முதலாமவர் சொன்னார். அப்படி ஒரு குறிப்பே கணினியில் இல்லை என்றார் இரண்டாமவர். மூன்றாமவருக்கு என் பெயரையே எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வாய்ப்பேச்சை அன்றைக்கே எழுத்தாக்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. காருக்குத் திரும்பியதும் நான்கு வரி மின்னஞ்சல் போதும்: ‘இன்று பேசியபடி, படுக்கையறைக் கார்ப்பெட்டை நான் வருமுன் மாற்றித் தருகிறீர்கள். சாவி 1ஆம் தேதி. இதில் ஏதும் தவறு இருந்தால் சொல்லுங்கள்.’ ஆனால் மின்னஞ்சலோடு நிற்கவும் கூடாது. இந்தத் தாளில் உள்ளது மட்டுமே உடன்பாடு, வெளியே பேசியது எதுவும் செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருக்கும். கார்ப்பெட் விஷயம் ஒப்பந்தத்திலோ அதன் இணைப்பிலோ ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது, விளம்பர வாடகையை நம்பிச் செலவுக் கணக்குப் போடுவது. ‘ஒரு மாதம் இலவசம்’ என்ற பலகையின் சூட்சுமம் இதுதான். உண்மையான மாத வாடகை 1,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மாதத்துக்கு 19,800. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,650. விளம்பரத்தில் வருவது இந்த 1,650தான். ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது உயர்வு 1,800இன் மேல் ஏறும். நடுவில் காலி செய்தால் அந்த இலவச மாதத்தையும் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு.

இது போக, வாடகைக்குப் பின்னால் சில்லறைக் கட்டணங்கள் வரிசைகட்டி நிற்கும்: பூச்சி மருந்து, பார்சல் பெட்டகம், பார்க்கிங், குப்பை. கதவருகே வைத்த குப்பையை இரவில் வந்து எடுத்துப்போகும் சேவைக்கு ‘வேலே டிராஷ்’ என்று பெயர். ‘வேண்டாம், நானே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன்’ என்றால் பெரும்பாலும் விடமாட்டார்கள். என்னைக் கேட்டால் இது வேறு பெயரில் வரும் வாடகை உயர்வு, அவ்வளவுதான். ‘எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு?’ என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

‘இந்த வீட்டை இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்’ என்று சொன்னதும் பதறிப்போய்ப் பணம் கட்டுபவர்களும் உண்டு. உண்மையாகவே இரண்டு பேர் இருக்கலாம். இருந்தாலும் விண்ணப்பக் கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. வீட்டைப் பிடித்துவைக்கக் கட்டும் பணம், அவர்கள் மறுத்தால் திரும்புமா, நாமே விலகினால் திரும்புமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். புதிதாக வந்தவர்கள், கடன் வரலாறோ அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணோ (SSN) இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்பார்களா, வேலை நியமனக் கடிதம் போதுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கடன் அறிக்கையைக் காரணம் காட்டி மறுத்தால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். 60 நாளுக்குள் கேட்டால் அதன் பிரதி இலவசம். இது 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம்.

டெபாசிட் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 2019 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் பொதுவாக வாங்கக் கூடாது. கலிபோர்னியாவிலும் 2024 ஜூலை முதல் பெரும்பாலும் அப்படித்தான். டெக்சாஸில் உச்சவரம்பே இல்லை. பக்கத்து மாநில நண்பர் சொல்வதைக் கேட்டு ஆபீஸில் சட்டம் பேசாதீர்கள்.

மாதிரி வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், உங்களுக்குத் தரப்போகும் வீட்டையே காட்டச் சொல்லுங்கள். இரு தரப்புக் கையெழுத்தும் விழுந்த ஒப்பந்தம் கைக்கு வரும்வரை பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ‘அப்ரூவ் ஆகிவிட்டது’ என்ற தொலைபேசிச் செய்தியை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் நண்பர் வீட்டு சோபாவில் படுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

சாவி வாங்கும் நாளில் தாள்கள்தான் காலை வாரும். டெக்சாஸின் பெரும்பகுதியில் மின் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்து, கணக்கு எண்ணோடு போக வேண்டும். வாடகைதாரர் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். முதல் தவணைக்குச் சாதாரணக் காசோலையை வாங்காமல், வங்கிக் காசோலையோ மணி ஆர்டரோ கேட்கும் இடங்களும் உண்டு. என் காப்பீட்டுத் தாளில் வீட்டு எண் 214 என்பது 241 என்று விழுந்திருந்தது. வாடகை லாரி வெளியே நிற்க, தொலைபேசியில் அதைத் திருத்தி வாங்க ஐம்பது நிமிடம் ஆனது. திரும்பிப் போனால் ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. திரும்பி வரும் நேரத்தைச் சொல்லக் கண்ணாடியில் தொங்கவிட்ட அட்டைக் கடிகாரத்தின் முட்கள் ஒன்றரையைக் காட்டின. அப்போது மணி பன்னிரண்டரை. கத்த வேண்டும் போல இருந்தது, கத்த அங்கே ஆள் இல்லை.

உள்ளே போனதும் பெட்டிகளைப் பிரித்துவிடாதீர்கள். வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவம் ஒன்று தருவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அந்தப் படிவம் இல்லாமல் டெபாசிட் வாங்கவே முடியாது. அதைப் பெயருக்கு நிரப்பிக் கொடுத்துவிடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். மாற்றப்படாத அந்தக் கார்ப்பெட்டின் கறையை, அளவு தெரியக் கால் டாலர் நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். படிவத்தோடு அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பினேன். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

இரண்டு ஆண்டு கழித்துக் காலி செய்தபோது அந்த மேசையில் புதிதாக ஒருவர் இருந்தார். அதே கறைக்கு டெபாசிட்டில் பணம் பிடிக்கப் பார்த்தார். நாணயம் வைத்த படத்தையும் அந்த ஒற்றைச் சொல் பதிலையும் அனுப்பினேன். டெக்சாஸ் சட்டம் கொடுக்கும் கெடு 30 நாள். 29ஆம் நாள் பணம் முழுதாக வந்தது.