ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா?

ஏற்காட்டில் எடுத்த படங்களை எல்லாம் ஏற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க், சேலம் வந்து கம்ப்யூட்டரில் செருகினால் ‘திஸ் பிசி’யில் ஆளையே காணோம். லைட் மட்டும் மினுக் மினுக்கென்று எரிகிறது. உங்களுக்கும் இப்படி ஆனால் அஞ்சு ரோடு பக்கம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். முன்பக்கம் செருகியிருந்தால் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும், 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குக்கு இது பத்தாவிட்டால் லைட் எரியும், உள்ளே தட்டு சுற்றாது.

அதுவும் சரி என்றால், விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறவுங்கள். அங்கே டிஸ்க் இருக்கிறது, ஆனால் இ, எஃப் மாதிரி எழுத்து எதுவும் இல்லையா? அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ போய் ‘ஆட்’ கொடுத்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். என் டிஸ்க் இதில்தான் வந்தது, பகோடா பாயிண்ட் படங்கள் உட்பட!

ஆனால் ‘ஃபார்மேட்’, ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டால் மட்டும் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது போய்விடலாம். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்த நல்ல டிஸ்க்கைக்கூட விண்டோஸ் இப்படிக் கேட்கும். அப்புறம், உள்ளே டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்கவே கூடாது, டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம்தான் போக வேண்டும்.