'நெவர்' முன்னே வந்தால் எழுவாய் பின்னே போகும்

தமிழில் 'ஒருபோதும்' என்பதை எங்கே வைத்தாலும் மற்ற சொற்கள் அசையாது. அந்தப் பழக்கத்தில்தான், மீன்வளத் துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும்போது 'நெவர் வி ரிசீவ்டு எனி நோட்டீஸ்' என்று எழுதிவிடுகிறோம். இது பிழை. மறுப்புச் சொல் தலைக்கு வந்தால் துணைவினையும் எழுவாயைத் தாண்டி முன்னே வரவேண்டும்.

முதலில் சாதாரண வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள்: 'வி நெவர் ரிசீவ்டு எனி நோட்டீஸ்'. இதில் துணைவினை இருக்கிறதா பாருங்கள். ஹேவ், ஹேட், கேன், ஷுட் போல ஒன்று இருந்தால் அதையே நகர்த்தலாம். இங்கே இல்லை, வினை இறந்தகாலம், அதனால் 'டிட்' சேர்க்கவேண்டும். 'டிட்' வந்ததும் 'ரிசீவ்டு' என்பது 'ரிசீவ்' ஆகிவிடும், ஏனென்றால் காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டது. 'நெவர் டிட் வி ரிசீவ் எனி நோட்டீஸ்.' நிகழ்காலமென்றால் டூ அல்லது டஸ். 'வாஸ்', 'இஸ்' முதன்மை வினையாக இருந்தால் எதையும் சேர்க்காமல் அதையே முன்னே கொண்டுவாருங்கள். ரேர்லி, செல்டம், அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

'படகு கரை சேர்ந்ததும் சேராததுமாகக் காற்று மாறியது' என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சோடிகள் உண்டு. 'ஹார்ட்லி ஹேட் தி போட் ரீச்டு தி ஷோர் வென் தி விண்ட் சேஞ்ச்டு.' 'நோ சூனர் ஹேட் தி போட் ரீச்டு தி ஷோர் தேன் தி விண்ட் சேஞ்ச்டு.' ஹார்ட்லிக்கு வென், நோ சூனருக்கு தேன். 'சூனர்' ஒப்பீட்டுச் சொல், அதனால்தான் 'தேன்' கேட்கிறது. இந்தக் காரணம் மனதில் நின்றால் சோடி மாறாது. இரண்டிலும் வரிசை புரள்வது, அதாவது துணைவினை எழுவாய்க்கு முன்னே வருவது, முதல் பாதியில் மட்டும்.

அதிகம் தடுக்குவது 'ஒன்லி'யில். தமிழில் 'பிறகுதான்', 'அப்போதுதான்' என்று 'தான்' போடும் இடம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்த பிறகுதான் விசைப்படகுகள் கடலுக்குப் போகும்: 'ஒன்லி ஆஃப்டர் தி பேன் எண்ட்ஸ் டூ தி போட்ஸ் கோ அவுட்.' 'ஆஃப்டர்' தொடரில் கைவைக்காதீர்கள். முதன்மை வாக்கியம்தான் புரளவேண்டும். 'ஒன்லி ஆஃப்டர் டஸ் தி பேன் எண்ட்' என்று எழுதினால் புரண்டது தவறான பாதி. 'நாட் அன்டில்' வந்தாலும் இதே கணக்கு: 'நாட் அன்டில் 2025 டிட் தி நியூ பாம்பன் பிரிட்ஜ் ஓபன்.'

'நாட் ஒன்லி' வினையைத் தழுவினால் புரளும்: 'நாட் ஒன்லி டிட் வி லூஸ் அவர் நெட்ஸ், பட் வி ஆல்சோ லாஸ்ட் தி என்ஜின்.' எழுவாயையே தழுவினால் புரளாது: 'நாட் ஒன்லி தி நெட்ஸ் பட் ஆல்சோ தி என்ஜின் வாஸ் லாஸ்ட்.' 'இன் நோ டைம்' என்பதில் 'நோ' இருந்தாலும் பொருள் 'சட்டென்று'; அங்கே மறுப்பே இல்லை, ஆகவே வரிசையும் மாறாது.

'நெவர் டிட் வி நாட் ரிசீவ்' என்று இரண்டு மறுப்பு போட்டால், அறிவிப்பு எப்போதும் வந்தது என்று பொருள் தலைகீழாகிவிடும், மனுவே கெட்டுப்போகும். கேள்வி போலத் தெரிந்தாலும் கேள்விக்குறி வேண்டாம், முற்றுப்புள்ளிதான். 'நெவர்'க்குப் பின் காற்புள்ளியும் வராது. ஒரு பக்க மனுவில் இப்படி ஒரு வாக்கியம் போதும், அதையும் முக்கியமான குறையைச் சொல்லும் இடத்தில் வையுங்கள்.