நாய்க்கு நீச்சல் பழக்கும் முன் கரையேறப் பழக்குங்கள்

நாய்க்கு நீச்சல் தானாக வரும் என்றுதான் நானும் இருந்தேன், போன சித்திரையில் எங்கள் மாந்தோப்புப் பண்ணைக் குட்டையில் எங்கள் நாய் மணி விழும் வரை. நன்றாகவே நீந்தினான். ஆனால் குட்டையில் விரித்த கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் முன்கால் வைக்க வைக்க வழுக்கி மறுபடி தண்ணீருக்குள்ளேயே போனான். காவேரிப்பட்டணம் பக்கம் இப்படிக் குட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த வழுக்கல் தெரியும்.

முதல் வேலை, ஏறு பாதை. தேங்காய் நார்ப் பாயில் அரையடிக்கு ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே கட்டி, மேல்முனையை மரத்தில் கட்டிச் சரிவில் இறக்குங்கள். இங்கேதான் நான் கோட்டை விட்டேன்: மூங்கில் மிதக்கும், பாயின் அடிமுனை மேலே வந்துவிட்டது, நாய் கால் வைத்ததும் புரண்டது. கல்லைச் சாக்கில் சுற்றி அடிமுனையில் கட்டினேன் (வெறுங்கல் ஷீட்டைக் கிழிக்கும்). அதற்கு முன் மீன்வலை போட்டுப் பார்த்தேன், கால் சிக்கிக்கொண்டது, வேண்டவே வேண்டாம்.

அடுத்து, காய்ந்த பாயில் நான்கு நாள் ஏற்றி இறக்குங்கள். அப்புறம் ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) நீளக் கயிறு கட்டி, பாய்க்குப் பக்கத்தில் தண்ணீரில் விட்டு, அங்கே திருப்பிக் கூப்பிடுங்கள். பிறகு எதிர்க்கரையிலிருந்து விட்டு, பாய்க்கு வரக் கூப்பிடுங்கள். மணி விழுந்த இடத்திலேயே ஏறப் பார்த்தான், அதனால் இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாதீர்கள், இழுத்தால் மூச்சு முட்டும். முன்காலை மட்டும் படபடவென்று அடித்தால் பின்பக்கம் அமிழும், அப்போது வயிற்றுக்குக் கீழே கை கொடுங்கள். சப்பை மூக்கு பக், குட்டைக்கால் டேஷ்ஹண்ட் மாதிரி நாய்களுக்கு முதுகில் பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆழத்தில் விடவே கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பந்தைக் கவ்விக் கவ்வி நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்துத் தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரிலும் இறக்காதீர்கள், சில வகை விஷம்.

ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம்ங்க, அந்த இழுப்பு ஒரு பக்கம், காவிரியில் முதலையும் உண்டு.

கிணற்றைப் பற்றியும் கேட்டார்கள். அங்கே இந்தப் பாய் உதவாது, கைப்பிடிச் சுவர்தான் வழி. விழுந்துவிட்டால் நீங்களும் குதிக்காமல், அது பற்றிக்கொண்டு மிதக்க ஒரு பலகையை இறக்கிவிட்டு தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் அடியுங்கள்.