போ பாசன் சிறையில் இருந்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்தில் யூதர்களின் கல்லறைகளைக் காட்டி, "போ பாசன் ஜெயிலில் இருந்த கைதிகள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். மொரிஷியஸில் இது சாதாரணமாக நடக்கும் தவறு. பிள்ளை உடனே கேட்கும்: "என்ன தப்பு செய்தார்கள்?"

ஒன்றும் செய்யவில்லை. ஹிட்லரிடமிருந்து தப்பி, டான்யூப் ஆற்று வழியாகப் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்த அகதிகள் அவர்கள். நுழைவு அனுமதி இல்லை என்று, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அங்குள்ள ஹைஃபா துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,580 பேரைக் கப்பலேற்றி இங்கே அனுப்பியது. 1940 டிசம்பர் 26 அன்று வந்து இறங்கினார்கள். ஆண்களைச் சிறைக்கட்டடத்தில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் பக்கத்திலேயே தகரக் கொட்டகைகளில். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அதனால் 'கைதி' வேண்டாம், 'தடுத்து வைக்கப்பட்டவர்கள்' என்றே சொல்லுங்கள்.

"தண்டனை இல்லையே, அப்போது லேசானதுதானே?" என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. திருடிவிட்டு உள்ளே போனவனுக்குக்கூட விடுதலை நாள் தெரியும். இவர்களுக்கு அது தெரியாது. நாலரை ஆண்டுக்கும் மேல் அப்படியே ஓடியது. டைஃபாய்டிலும் மலேரியாவிலும் பலர் போனார்கள்; மொத்தம் 120 பேருக்கு மேல் இங்கேயே இறந்தார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

'போர்க்கைதி' என்பதும் பொருந்தாது. அது பிடிபட்ட படைவீரனுக்குரிய சொல். 1929 ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளுக்குத்தான் காப்பு தந்தது. பொதுமக்களுக்கு விரிவான காப்பு 1949-இன் நான்காம் ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதன்படி, பாதுகாப்புக்கு முற்றிலும் தேவையானால் மட்டுமே ஒருவரை அடைக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். எந்த அரசின் ஆதரவும் இல்லாத அகதியை, எதிரி நாட்டுக் குடியுரிமையை மட்டும் வைத்து எதிரியாக நடத்தக் கூடாது. போ பாசனில் இருந்தவர்களுக்கு இந்த விதிகள் கிடைக்கவில்லை.

நாஜிகளின் கொலை முகாம்களோடு இதை ஒன்றாக்கிப் பேசாதீர்கள். இங்கே கொல்வது நோக்கமில்லை. அதற்காக இங்கே நடந்தது சரி என்றும் ஆகிவிடாது.

அப்புறம், போர் முடிந்த அன்றே கதவு திறந்தது என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்தது 1945 மே மாதம். பெரும்பாலோரை ஏற்றிக்கொண்டு ஹைஃபாவுக்குக் கப்பல் புறப்பட்டது ஆகஸ்டில்தான்.