வீல் சுற்றுகிறது, பக்கம் நகரவில்லையா? புது மவுஸ் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒரே மாதத்தில் மூன்று மவுஸ் மாற்றிவிட்டார், மூன்றிலும் அதே கோளாறு. இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே கீபோர்டும் மவுஸும், நடுவில் அவற்றை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் கேவிஎம் ஸ்விட்ச். அதைத் தட்டினால் போதும், லினக்ஸ் மெஷினில் கர்சர் மூலைக்குத் தாவும், தானாகவே கிளிக் விழும், வீல் அசையாது.

முதலில் லினக்ஸில் ஈவிடெஸ்ட் (evtest) என்ற சின்ன புரோகிராமை நிறுவி, ரூட் உரிமையோடு, அதாவது நிர்வாகி அனுமதியோடு ஓட்டி, பட்டியலில் உங்கள் மவுஸைத் தேர்ந்தெடுத்து, வீலை மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ரெல்_வீல் (REL_WHEEL) என்று ஒரு வரியும் -1 என்ற மதிப்பும் வர வேண்டும், முன்னால் தள்ளினால் +1. ஒரே திசையில் சுற்றும்போதே நடுநடுவே எதிர்க்குறி வந்தால் டிரைவரை, அதாவது மவுஸோடு பேசும் மென்பொருளைத் தொடாதீர்கள், வீல் சுற்றுவதை உள்ளே உணரும் என்கோடரில் தூசி அடைந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். எண்கள் ஒழுங்காக வந்தும் பக்கம் நகரவில்லை என்றால் மவுஸும் டிரைவரும் சரி, டெஸ்க்டாப் செட்டிங்கிலோ அந்த அப்ளிகேஷனிலோதான் தேட வேண்டும்.

ரெல்_வீல் வரியே வரவில்லையா? அப்போதுதான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். யுஎஸ்பி மவுஸ் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரு விவரப் பட்டியலைத் தானே கொடுத்துவிடும், வீலும் அதில் இருக்கும், அதனால் அங்கே தொல்லை குறைவு. உருண்டை பின் உள்ள பழைய பிஎஸ்/2 மவுஸ்தான் படுத்தும். அது ஒவ்வொரு முறையும் அனுப்பும் தகவல் பொட்டலம், அதாவது அடிப்படைப் பாக்கெட், 3 பைட்: பட்டன்கள், எக்ஸ், ஒய், அவ்வளவுதான். வீலுக்கு அதில் இடமே கிடையாது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் வீல் வைத்த இன்டெல்லிமவுஸை வெளியிட்டபோது, பழைய டிரைவர்கள் குழம்பாமல் இருக்க ஒரு ரகசியத் தட்டல் வைத்தார்கள். மவுஸ் நொடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற சாம்பிள் ரேட்டை 200, 100, 80 என்று இதே வரிசையில் மாற்றிவிட்டு டிரைவர் உன் ஐடி என்ன என்று கேட்கும். சாதா மவுஸ் 0 என்று சொல்லும். வீல் உள்ளது 3 என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து 4 பைட்டாக அனுப்பத் தொடங்கும், நான்காவது பைட்தான் வீல். அப்புறம் 200, 200, 80 என்று தட்டினால் ஐந்து பட்டன் மவுஸ் 4 என்று சொல்லும். இவ்வளவு எளிமையான யோசனை இத்தனை வருடம் தாக்குப் பிடித்திருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

நண்பர் கடையின் பிஎஸ்/2 மவுஸ்களில் நடந்தது இதுதான்: ஸ்விட்ச் மாறும்போது மவுஸ் ரீசெட் ஆகி 3 பைட்டுக்குத் திரும்பிவிடுகிறது, டிரைவரோ இன்னும் 4 பைட் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பாக்கெட்டின் முதல் பைட்டை வீல் என்று எடுத்துக்கொள்கிறது, அதன் பிறகு எல்லாமே ஓரிடம் தள்ளிப் போகிறது. லினக்ஸின் உள் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில், பிஎஸ்/2 மவுஸின் டிரைவரான பிஎஸ்மவுஸ் (psmouse) சிங்க் தவறியதாக, அதாவது பைட் வரிசை பிசகியதாக வரிகள் தெரிந்தால் உறுதி.

உடனடித் தீர்வு, மோட்ப்ரோப் (modprobe) கட்டளையால் பிஎஸ்மவுஸ் மாட்யூலை, அதாவது அந்த டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றுவது. இரண்டு கட்டளையையும் ஒரே வரியில் அடியுங்கள், நடுவில் மவுஸ் செத்திருக்கும். ஏற்றியதும் தட்டல் மறுபடி நடந்து வீல் வந்துவிடும். சில கேவிஎம் ஸ்விட்சுகளுக்கு ஐடி 3 மட்டுமே புரியும், 4 புரியாது. அந்த மாதிரி இருந்தால் மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் options psmouse proto=imps என்று சிறிய எழுத்தில் எழுதி வையுங்கள், ஓரத்துப் பட்டன்கள் போகும், வீல் நிற்கும். நண்பருக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன், வாங்கிய மூன்று மவுஸும் இப்போது நன்றாகவே ஓடுகின்றன.