இசை மாநாட்டுக்கு டர்பன் வருகிறீர்களா? பகல் சாப்பாட்டைக் கோட்டை விடாதீர்கள்

மாநாட்டுக்கு வந்துபோகும் தமிழ் விருந்தாளிகளிடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காலையில் ஹோட்டல் பஃபே, மதியம் மாநாட்டுக்காரர்கள் கொடுத்த சாண்ட்விச், ராத்திரி மறுபடி ஹோட்டல். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இறக்கிய ஒப்பந்தக் கூலிகளின் சமையல் ஐந்தாறு தலைமுறை தாண்டியும் அடுப்பில் இருக்கிற ஊர் இது. இங்கே வந்து சாண்ட்விச் தின்றுவிட்டுப் போவதா?

சோம்பேறித்தனம் காரணமில்லை, நேரக் கணக்குதான் காரணம். டர்பன் பகலில் சாப்பிடும் ஊர். நகர மையத்துக் கறிக்கடைகள் காலையிலேயே திறந்து, மதியம் களைகட்டி, மாலை நாலு ஐந்து மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். மாநாட்டு அமர்வுகளோ ஒன்பதிலிருந்து ஐந்து வரை. அறைக்குப் போய்க் குளித்துவிட்டு எட்டு மணிக்கு வந்து, கிரே தெருவில் நல்ல கறி எங்கே கிடைக்கும் என்று கேட்பதுதான் முதல் தவறு. அந்த நேரத்தில் அங்கே கறியும் இருக்காது, ஆள் நடமாட்டமும் இருக்காது. ஆகவே ஒரு மதிய அமர்வைத் துறந்துவிடுங்கள். நாலு அரங்குகளில் ஒரே நேரத்தில் கட்டுரை வாசிக்கிறார்கள். உங்கள் நாற்காலியை யாரும் தேடப்போவதில்லை. சொந்தக் கட்டுரை வாசிக்கிற நாள் மட்டும் வேண்டாம்.

எந்த மதியம் என்பதையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு மேல் கிரே தெரு ஜும்மா மசூதியில் தொழுகை. சுற்றியுள்ள கடைகளில் பல இஸ்லாமியர் கடைகள். இரண்டு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மையம் பாதி தூக்கத்தில் இருக்கும். ஜூன், ஜூலை என்றால் ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் போய்விடும். ஆறு மணிக்குக் காலாற நடந்து ஊர் பார்க்கலாம் என்ற திட்டமெல்லாம் இருட்டில்தான் முடியும்.

தெருப் பெயரிலும் ஆள் தடுமாறுவார். வரைபடத்தில் டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று இருக்கும், ஊர்க்காரர் வாயில் இன்னும் கிரே தெரு. பெர்த்தா ம்கீஸே தெருவைப் பலரும் விக்டோரியா தெரு என்பார்கள். பாயிண்ட் ரோடு இப்போது மகாத்மா காந்தி சாலை. வழி கேட்கும்போது இரண்டு பெயரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த ஊரின் பேர்போன சாப்பாடான பன்னி சௌவுக்கு வருவோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பன்றியும் இல்லை, முயலும் இல்லை. வெட்டாத வெள்ளை ரொட்டியைக் குறுக்கே நறுக்கி, நடுவிலுள்ள பஞ்சைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் கறியைக் குழம்போடு ஊற்றி, தோண்டிய பஞ்சை மேலே மூடியாக வைத்துக் கொடுப்பார்கள். இதில் வெளியூர்க்காரர் செய்யும் தவறுகள் ஏராளம். அரை ரொட்டி கேட்பது ஒன்று. கால் ரொட்டியே ஓர் ஆளுக்குத் தாராளம். கடையில் குவார்ட்டர் மட்டன் என்று சொன்னால் போதும், இங்கே யாரும் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முள்கரண்டி கேட்பது இன்னொன்று. கையால்தான் சாப்பிட வேண்டும். முதலில் மூடிப் பஞ்சைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். அப்புறம் மேல் விளிம்பிலிருந்து சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஓட்டை போட்டால் குழம்பு மடியில்தான். பக்கத்தில் கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வினிகரில் போட்ட சம்பல் ஒரு கை இருக்கும். அதை ஒதுக்காதீர்கள், காரத்தையும் எண்ணெயையும் அதுதான் அறுக்கும்.

பார்சல் கட்டி மாநாட்டு அரங்குக்கு எடுத்துப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அரை மணியில் அடி ரொட்டி ஊறிவிடும். அமர்வுக்கு நடுவே காகிதத்தைப் பிரித்தால் மிச்சம் இருப்பது ரொட்டிக் களி. உட்கார இடம் மறுக்கப்பட்ட நிறவெறிக் காலத்தில் கையில் வாங்கிப்போகத் தோதான சாப்பாடாக இது பரவியது உண்மைதான். அந்த ஆட்கள் தெரு முனையிலேயே நின்று தின்றார்கள், பிற்பகல் தேநீர் இடைவேளைக்காக எடுத்துவைக்கவில்லை.

மாநாடு பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் என்றால் மலையிலிருந்து இறங்கினால் உம்பிலோ பகுதி. அங்கே கவுண்டன்ஸ் கடையின் மட்டன் பன்னிக்கு ஊரில் ரசிகர் கூட்டம் உண்டு. மாநாட்டு மையத்தில் என்றால் உம்கேனி சாலையில் பிரிட்டானியா ஹோட்டலுக்குக் காரில் போய்விடலாம். சாலையோடு சாலையாகப் பழைய உம்கேனி சாலைக் கோயிலையும் பார்த்துவிடலாம். முதலில் கோயில், அப்புறம் மட்டன் என்று வரிசையை மாற்றிக்கொள்வது உங்கள் வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது.

மட்டன் என்றால் இங்கே செம்மறி. வெள்ளாட்டை எதிர்பார்த்து வந்தால் கொழுப்பும் வாசனையும் வேறாகத்தான் இருக்கும். ஹலால் என்று போர்டு இருந்தால் பன்றி இல்லை என்பதை மட்டும் நம்பலாம், மாட்டிறைச்சி இருக்கலாம். மாடு சாப்பிடாதவர்கள் கேட்டுவிடுவது நல்லது, கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார். சைவர்களுக்கு பீன்ஸ் பன்னி இருக்கிறது. சோறு இல்லாமல் தாங்காது என்றால் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வர்த் பகுதியில் 1985-இல் திறந்த இஸ்கான் கோயிலுக்குள்ளேயே சைவ உணவகம் உண்டு. மாநாடு புரட்டாசியில் விழுந்தால் சைவர்களுக்கு அதிர்ஷ்டம். இங்குள்ள தமிழர்கள் அந்த மாதம் முழுக்கக் கறி தொடாமல் இருப்பதில் ரொம்பக் கண்டிப்பு. பல கடைகளில் அதற்கென்றே தனிப் பட்டியல் போடுவார்கள்.

இட்லி தோசையைத் தேடி அலையாதீர்கள். 1860-க்கும் 1911-க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் கொண்டுவந்தது கிராமத்துச் சாப்பாடு. இன்றைய சென்னை டிஃபன் கடைப் பட்டியல் இல்லை. அரிசி கிடைக்காதபோது உடைத்த சோளத்தைச் சோறாக்கினார்கள். மாரியம்மனுக்கு ஊற்றும் கூழையும் சோள மாவில் காய்ச்சிப் புளிக்கவைத்தார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கோயிலாகக் கூழ் ஊற்றுவார்கள். யாராவது கூப்பிட்டால் போய்விடுங்கள், எந்த விருந்து மேசையிலும் அது கிடைக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் கவுண்டரில் நிற்கும் ஆன்ட்டியின் பெயர் முனியம்மாவாக இருக்கும், கழுத்தில் முருகன் டாலர் தொங்கும், பேச்சு முழுக்க ஆங்கிலமாக இருக்கும். உடனே நம்மவர்கள், "என்னம்மா, தமிழ் தெரியாதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் தமிழுக்குப் பெரிதாக இடமில்லாத நாட்டில் கோயிலையும் பாட்டையும் காவடியையும் விடாமல் கொண்டுவந்த குடும்பத்துப் பெண்ணிடம் கேட்கும் கேள்வியா அது? ஆன்ட்டி, அங்கிள் என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள். எந்தக் கோயில் பக்கம் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். இசை ஆராய்ச்சிக்கென்று வந்தவருக்கு இந்தப் பேச்சில்தான் சரக்கு கிடைக்கும். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் குழுக்களை அவர்கள்தான் காட்டித்தருவார்கள். தெருக்கூத்தை ஆறடி ஆட்டம் என்ற பொருளில் சிக்ஸ்ஃபுட் டான்ஸ் என்று சொல்லி ஆடுகிறவர்கள் எந்தக் கோயிலில் எப்போது ஆடுவார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயம் போனால் கதவுகளைக் கவனியுங்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் கட்டி வெள்ளத்தில் போன பழைய கோயிலிலிருந்து மீட்டவை.

வார்விக் சந்திப்பைப் பற்றி இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஆபத்து என்று பயந்து போகாமலே இருப்பது ஒன்று; மாநாட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாக நுழைவது இன்னொன்று. பேருந்து, ரயில், மினிபஸ் டாக்ஸி எல்லாம் வந்து சேரும் அந்த இடத்தில் ஒன்பது சந்தைகள் ஒன்றை ஒட்டி ஒன்று கிடக்கின்றன. தெருவோர வியாபாரிகளோடு வேலை செய்யும் அசியே ஏதாஃபுலேனி அமைப்பு வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. காலை நேரத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வழிகாட்டி வியாபாரிகளுக்குத் தெரிந்த முகம் என்பதால் படம் எடுப்பதும் சங்கடமில்லை.

உள்ளே மியூசிக் பிரிட்ஜ் என்றே ஒரு பாலம் இருக்கிறது. ஜூலு மக்களின் மஸ்கந்தி கிடார் பாட்டு, தேவாலயப் பாட்டு என்று குறுவட்டு விற்கிறவர்கள் ஆளுக்கொரு பெட்டியை அலறவிடுவார்கள். அரங்கத்துக்குள் ஆப்பிரிக்க இசையின் விநியோகம் பற்றிக் கட்டுரை வாசிக்கிறவர் இந்தப் பாலத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவது எனக்குப் புரிவதே இல்லை. கொஞ்சம் தள்ளி இம்பெபோ என்ற காய்ந்த செடியைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். முன்னோரை அழைக்க ஜூலு வீடுகளில் புகைப்பது. நம் வீட்டுச் சாம்பிராணி செய்கிற வேலை. காலைச் சந்தையில் 1910-லிருந்து வியாபாரம் நடக்கிறது. தோட்டக்காரத் தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கீரை விற்கிறார்கள். 2009-இல் இடித்து மால் கட்டப் பார்த்தார்கள், வியாபாரிகள் விடவில்லை. மாட்டுத் தலையை வெட்டிச் சுத்தம் செய்து அவித்துக் கொடுக்கும் பகுதியும் வழியில் வரும். தாங்காது என்றால் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி இசைக்கு வருவோம். மாநாட்டுக் கச்சேரி முடிந்ததும் படுக்கப் போனால் இசிகாதமியா தவறிவிடும். ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஆண்கள் விடுதிகளில் வளர்த்த, வாத்தியமே இல்லாத குழுப்பாட்டு இது. மிடுக்கான கோட்டும் பளபளக்கும் ஷூவும் போட்டுக்கொண்டு, தரை அதிராமல் அடி வைத்துப் பாடுவார்கள். போட்டி சனிக்கிழமை ராத்திரி வெகுநேரம் கழித்துத் தொடங்கி விடியும்வரை போகும். பீட்ரிஸ் தெரு ஒய்.எம்.சி.ஏ பல பத்தாண்டுகள் அதற்குப் பேர்போன இடம். பாரபட்சம் வரக்கூடாது என்று சம்பந்தமில்லாத வெளியாளைப் பிடித்துவந்து நடுவராக உட்காரவைப்பது பழைய வழக்கம், ஆகவே தயாராகவே போங்கள். எங்கே எப்போது என்பதை ஜூலு மாணவர்களிடம் கேட்டு, அவர்களோடேயே போய்த் திரும்புவதுதான் சரி. ஜாஸ் பிடித்தவர்களுக்கு ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலேயே ஜாஸ் மையம் இருக்கிறது. பருவம் நடக்கும்போது புதன் மாலை கச்சேரி வைப்பது அங்கே வழக்கம்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் கணினியில் உருவாக்கிய க்கோம் என்ற நடன இசை பரவியது மினிபஸ் டாக்ஸிகளில். தயாரித்த பாட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவார்கள், பயணிகள் தலையாட்டினால் வெற்றி. முதல் முறை அந்த டாக்ஸியில் தனியாக ஏற வேண்டாம், உள்ளூர் நண்பரோடு ஏறுங்கள். மற்ற நேரம் செயலியில் கார் அழைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் சட்டைமேல் மஞ்சள் அங்கி போட்டவர் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் திரும்பும்போது சில ராண்ட் கொடுப்பது வழக்கம். கடற்கரை நடைபாதைக்கு விடியற்காலைதான் நேரம். குளிப்பதென்றால் உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவே மட்டும். நீர் சுத்தமா என்ற மாநகராட்சி அறிவிப்பையும் அன்றன்றைக்குப் பார்த்துவிடுங்கள். 2022 வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் சேதமான பிறகு கடற்கரைகளை அவ்வப்போது மூடியிருக்கிறார்கள்.

மாநாடு சனிக்கிழமை முடிகிறது என்றால் காலையில் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் சந்தைக்குப் போய்வாருங்கள். பெயர் அப்படி, விற்பது நம் வீட்டுச் சாமான்: கீரைக்கட்டு, உயிர்க்கோழி, கருவாடு, காமாட்சி விளக்கு. வெள்ளி, சனி இரண்டு நாள்தான் கூடும். மசாலாவை அங்கேயோ கிரே தெருப் பக்கத்திலோ, உள்ளூர்ப் பெண்கள் வரிசையில் நிற்கும் கடையில் வாங்குங்கள். விக்டோரியா தெருச் சந்தையில் கலர் கலராகக் குவித்து, மாமியாரைக் கிண்டல் செய்யும் பெயர் எழுதிவைத்திருப்பது சுற்றுலாக்காரர்களுக்கு. கட்டிக்கொடுக்கும்போது மூடி ஒட்டிய பையாகக் கேட்டு, பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் சிவப்புப் பொடி இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நேரம் போகும். விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. கடைசிப் பன்னியை நகரத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.