கடையின் யுபிஐ பணத்தை ஒரே மாலையில் பத்திரப்படுத்துவது எப்படி?

என் மச்சான் மளிகைக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஒருவர் 2,340 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, போனில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டுப் போனார். பணம் வரவில்லை. நிஜ ஆப் போலவே செய்த போலி ஆப் அது. “ஹேக்கர் என்னைத் தேடி எதுக்கு வரப்போறான், நான் என்ன பெரிய கம்பெனியா?” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாள் போனை என் கையில் கொடுத்து, “எதையாவது பண்ணுப்பா” என்றார். அன்று மாலை செய்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய கம்பெனிகளிலும் திருடர்கள் எப்படி நுழைந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடு போயின. முதலில் மாட்டியவர், அந்தக் கடைகளுக்கு ஏசி, குளிர்பதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரர். அவருடைய பாஸ்வேர்டை வைத்துத்தான் உள்ளே போனார்கள். 2025 ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் நடந்தது ஆள்மாறாட்டம். ஆறு வாரத்துக்கு மேல் ஆன்லைன் ஆர்டர் நின்றது. லாபத்தில் 30 கோடி பவுண்டு அடிபடும் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. இரண்டிலும் வழி திறந்தது ஆட்களை வைத்துத்தான். அதனால் நான் ஆன்டிவைரஸில் ஆரம்பிக்கவில்லை.

தேவையானவை: கடை போன், பாஸ்புக், ஒரு பழைய பட்டன் போன், அதற்கு ஒரு தனி சிம். ஒன்றரை மணி நேரம் ஆகும். வங்கியில் கணக்கு திறக்கும் வேலைக்கு மட்டும் இன்னொரு நாள் போய்வர வேண்டும்.

படி 1: கணக்கைப் பிரியுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். மச்சானின் க்யூஆர் அட்டை இணைந்திருந்த அதே கணக்கில்தான் மகளின் கல்லூரிக் கட்டணமும், சீட்டுப் பணமும், எஃப்டியும் கிடந்தன. ஒரு பின் நம்பர் போனால் எல்லாம் போகும்.

வசூலுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று வையுங்கள். இரண்டும் ஒரே வங்கியில் வேண்டாம். ஒரே வங்கியென்றால் இரண்டும் பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் வந்துவிடும். நெட் பேங்கிங்கில் நுழைந்தவனுக்கு இரண்டும் தெரியும். எஃப்டியை ஆன்லைனிலேயே உடைக்கவும் முடியும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

சேமிப்புக் கணக்குக்கு அந்தத் தனி சிம் எண்ணைக் கொடுங்கள். சிம்மைப் பட்டன் போனில் போட்டு வீட்டில் வையுங்கள். ஓடிபி அங்கே வரும். பட்டன் போனில் ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) ஏறாது. அந்தக் கணக்கைக் கடை போனின் எந்த யுபிஐ ஆப்பிலும் சேர்க்காதீர்கள். இரவு கடையடைக்கும்போது வசூலில் சரக்குக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை மாற்றிவிடுங்கள். கல்லாவை இரவில் காலி செய்வதில்லையா, அதே பழக்கம்தான்.

படி 2: க்யூஆர் அட்டையைத் தடவிப் பாருங்கள்

நிஜமாகவே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராகோவில் சில கடைகளின் க்யூஆர்மேல் ஒரே இரவில் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் கொடுத்த பணம் வேறு யாருக்கோ போனது. காலையில் கடை திறந்ததும் உங்கள் வீட்டார் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, வரும் பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வெளியே தொங்கும் அட்டையை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

அப்புறம், பச்சை டிக்கை நம்பும் வழக்கம் அன்றோடு முடிந்தது. சவுண்ட் பாக்ஸ் சொன்னால்தான் பணம் வந்தது என்று அர்த்தம். அந்தப் பெட்டியின் மாத வாடகைக்காக மச்சான் முணுமுணுத்தார். 2,340 ரூபாயை நினைவுபடுத்தினேன். நெட் இல்லாமல் பெட்டி பேசாவிட்டால், உங்கள் ஆப்பைத் திறந்து வரவைப் பாருங்கள். வாடிக்கையாளரின் போனைப் பார்க்காதீர்கள்.

படி 3: பின் நம்பர்

பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. “ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 50 கிலோ அரிசி வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வியாபாரக் கணக்கிலிருந்து இன்னும் கோரிக்கை வரலாம், அதற்குப் பின் போட்டாலும் பணம் போகும்.

படி 4: போனைச் சுத்தம் செய்யுங்கள்

ஆப் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாத எதையும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான், கேஒய்சி என்ற பெயர்களில் ஏபிகே கோப்பு வருகிறது. அதை நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைக் கொண்டுபோய்விடும். செட்டிங்ஸில் எஸ்எம்எஸ் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். மச்சான் போனில் ஒரு டார்ச் ஆப்புக்கு இருந்தது! எனிடெஸ்க் போன்ற திரை பகிரும் ஆப் இருந்தால், உங்களுக்கு அதில் வேலை இல்லையென்றால், நீக்குங்கள்.

அடுத்து *#21# டயல் செய்யுங்கள். உங்கள் அழைப்புகள் தெரியாத எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் அதில் தெரியும். ##002# அடித்தால் எல்லாம் ரத்தாகும்.

படி 5: நெட் பேங்கிங்கும் கார்டும்

இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகின்றன. ரிசர்வ் வங்கியின் உத்தரவு அது. தேடலில் வரும் முதல் இணைப்பைத் தட்டாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து, ஆன்லைன் வரம்பைக் குறையுங்கள். இரண்டு நிமிட வேலை.

படி 6: கல்லாப்பெட்டி மூடியில் ஒரு தாள்

பணம் போய்விட்டால் அழவோ திட்டவோ நேரமில்லை. ஒருவர் வங்கிக்கு அழைக்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். அவசரத்துக்குக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லையென்றால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. தெரிவிக்கும்வரை போனது உங்கள் தலையில்.

1930-இல் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள், எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். வங்கியின் கார்டு முடக்கும் எண், 1930, சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்த சிம் எண் ஆகிய மூன்றையும் தாளில் பெரிதாக எழுதி, கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் சேமித்தால், போனே தொலைந்த அன்று எண்களும் கையில் இருக்காது. பின் நம்பரை அந்தத் தாளில் எழுதாதீர்கள். மச்சான் எழுதப் போனார், பேனாவைப் பிடுங்கினேன்.